வீட்டைத் திருப்பித் தரும் நாள்

நுழையும்முன்

புதிய வீட்டில் குடியேறும் நாளில் பால் காய்ச்சுவது தமிழர் வழக்கம். பால் பொங்கி வழிந்ததைப் பல ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்ந்து பேசுவார்கள். அதே வீட்டை விட்டு வெளியேறும் நாளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கோ அந்த நாள் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும். தில்லியில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் அந்த நாள்கள் எவ்வாறு கழிந்தன என்பதை இப்பாடத்தில் படிக்கலாம்.

பாடம்

மார்ச்சு மாதத்தின் மூன்றாம் வாரம். தில்லியில் குளிர் விலகிவிட்டது. வெயில் இன்னும் கடுமையாகவில்லை. மயூர் விகாரில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்த மலர்விழியின் தந்தைக்கு வடோதராவுக்கு இடமாற்ற ஆணை வந்திருந்தது. ஏப்ரலில் புதிய கல்வியாண்டு தொடங்கிவிடும். அதற்குள் ஏழாம் வகுப்பை முடித்த மலர்விழியும், ஐந்தாம் வகுப்பை முடித்த தம்பி கதிரும் அங்குள்ள பள்ளியில் சேர வேண்டும். மார்ச்சு 31ஆம் நாள் வீட்டைக் காலி செய்வதாக அப்பா வீட்டு உரிமையாளருக்கு ஒரு மாதத்திற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த பஞ்சாபி அம்மையார். கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்தார். குழந்தைகள் அவரைத் 'தாதி' என்று அழைத்தார்கள். வாடகை ஒருநாள் தாமதமானாலும் படியேறி வந்து கேட்பவர் அவர். லோஹ்ரிப் பண்டிகைக்கு வேர்க்கடலையும் எள் மிட்டாயும் கொடுத்தனுப்ப மறவாதவரும் அவரே.

வீட்டின் மாத வாடகை 18,000 ரூபாய். குடியேறியபோது முன்பணமாக 36,000 ரூபாய் கொடுத்திருந்தார்கள். வடோதராவில் பார்த்துவைத்திருந்த வீட்டிற்கும் ஏறத்தாழ அதே தொகையைக் கேட்டார்கள். இங்கே வாங்கி அங்கே கொடுத்துவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. கையில் வேறு பணம் அதிகம் இல்லை. ஆனால், சுவர்களுக்கு வண்ணம் பூச முன்பணத்திலிருந்து 5,000 ரூபாய் பிடித்துக்கொள்ளப்போவதாகத் தாதி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா துடைப்பத்தை எடுப்பதற்கு முன்பே அப்பா ஒரு பழைய கோப்பை எடுத்து விரித்தார். அதில் வாடகை ஒப்பந்தம் இருந்தது. 11 மாதங்களுக்கு எழுதப்பட்டு, ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் அது. நம் நாட்டில் பல இடங்களில் இவ்வாறு 11 மாதங்களுக்கே எழுதுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே ஒரு மாதத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஒப்பந்தத்திற்குக் கீழே, குடியேறிய நாளில் எடுத்த நிழற்படங்கள் இருந்தன. கூடத்தின் மூலையில் விரிசல் விட்ட ஓடு, துருப்பிடித்த சன்னல் கம்பி, சமையல் மேடையின் வெள்ளைச் சலவைக்கல்லில் மங்கிய ஒரு வட்டம் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இருந்த குறைகள் அனைத்தும் அவற்றில் பதிவாகியிருந்தன. அன்று எல்லாரும் பால் காய்ச்சுவதில் முனைந்திருந்தபோது, அப்பா மட்டும் கைப்பேசியுடன் அறை அறையாகச் சுற்றி வந்தார். அம்மாவுக்கு அப்போது சற்றுக் கோபம்கூட வந்தது.

அப்பா ஒரு தாளை எடுத்து நடுவில் கோடிட்டார். இடப்பக்கம் 'தேய்ந்தவை' என்றும், வலப்பக்கம் 'நாம் கெடுத்தவை' என்றும் எழுதினார்.

"இரண்டும் ஒன்றுதானே அப்பா?" என்று கேட்டான் கதிர்.

"உன் காலணியின் அடிப்பகுதி நடந்து நடந்து தேய்ந்தால் அது தேய்மானம். அதை நாய் கடிக்கும்படி வெளியில் போட்டுவிட்டு வந்தால் அது உன் தவறு" என்றார் அப்பா.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆம் பிரிவு, குடியிருப்பவர் வீட்டை எந்த நிலையில் பெற்றாரோ அதே நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நியாயமான தேய்மானத்திற்கு அது விலக்கு அளிக்கிறது. சுவரின் வண்ணம் வெயிலில் வெளிறுவது தேய்மானம். சுவரில் ஆணி அடித்துக் காரையைப் பெயர்ப்பது தேய்மானம் ஆகாது. மத்திய அமைச்சரவை 2021ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இதை இன்னும் விளக்கமாகப் பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாசரை மாற்றுவது, வடிகாலைத் தூய்மை செய்வது, உடைந்த சன்னல் கண்ணாடியை மாற்றுவது போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. குடியிருப்பு வீட்டிற்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்றும் அது கூறுகிறது. எனினும், இது மாதிரிச் சட்டம்தான். மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தும் இடங்களில் மட்டுமே செல்லும்.

தாள் ஒருபுறம் இருக்க, வேலை தொடங்கியது. மேலிருந்து கீழே வர வேண்டும் என்பது அம்மாவின் விதி. தரையை முதலில் துடைத்துவிட்டுப் பிறகு ஒட்டடை அடித்தால் தரையை மறுபடியும் துடைக்க வேண்டியிருக்கும். எனவே பரண், ஒட்டடை, மின்விசிறி, சுவர், சன்னல், தரை என்ற வரிசையில் அறைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. மின்விசிறிக்கு அம்மா ஒரு பழைய தலையணை உறையைப் பயன்படுத்தினார். உறையை இறக்கையில் முழுவதுமாக மாட்டி, அழுத்திப் பிடித்து இழுத்ததும் தூசி முழுவதும் உறைக்குள்ளேயே விழுந்தது. அந்தத் தூசி கீழே கட்டிலில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தில்லியின் புழுதிக் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் யார் வாழ்ந்தார்கள் என்பதை அதன் கறைகளே சொல்லிவிடும். இந்த வீடு தமிழர் குடியிருந்த வீடு என்று சொல்லும் அடையாளங்கள் பல இருந்தன. பூசை அலமாரியின் மேற்பலகையில் விளக்குப் புகை கரியாகப் படிந்திருந்தது. நாள்காட்டிக்கும் சாமி படங்களுக்கும் அடித்த ஆணிகள் பதினான்கு. அவற்றைப் பிடுங்கி, துளைகளைப் புட்டியால் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தார் அப்பா. வாயிற்படியில் அம்மா முதல் பொங்கலுக்கு வெள்ளை எனாமல் வண்ணத்தால் வரைந்த கோலம் இருந்தது. டர்பன்டைன் தொட்டுத் தொட்டு அதைத் துடைத்தெடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவர் யாரிடமும் பேசவில்லை.

சமையலறைதான் எல்லாவற்றிலும் கடினம். அடுப்புக்கு மேலே இருந்த புகைபோக்கி விசிறியில் நான்கு ஆண்டுத் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு தார்போல் ஒட்டியிருந்தது. அப்பா மின்னிணைப்பைத் துண்டித்து, இறக்கையைக் கழற்றித் தந்தார். அம்மா வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து அதில் ஊறவைத்தார். சோடா காரத்தன்மை உடையது. காரம் எண்ணெயுடன் வினைபுரிந்து ஒருவகைச் சவர்க்காரமாக மாறுவதால் பிசுக்கு நீரில் கரைந்து வெளியேறும். சோடா கரைத்த நீர் கையைப் புண்ணாக்கும் என்பதால் அம்மா கையுறை அணிந்திருந்தார்.

அடுப்பருகே சுவர் ஓட்டில் சாம்பார் தெறித்த மஞ்சள் கறை ஒன்று இருந்தது. கதிர் அதன்மேல் சவர்க்கார நுரையைத் தடவியதும் கறை சிவந்துவிட்டது. "அக்கா! சுவரில் இரத்தம்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். மலர்விழிக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும் என்பதை அவள் அறிவியல் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறாள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்ததும் இதே முறையில்தான். நன்றாகக் கழுவியதும் சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சளாயிற்று. எஞ்சிய மஞ்சளைச் சன்னல் வழியே வந்த வெயில் சில நாள்களில் வெளிறச் செய்துவிட்டது.

பால்கனியில் இருந்த கூலரை அப்பா தாமே கழுவினார். கோடையில் மட்டும் ஓடும் அந்தத் தண்ணீர்த் தொட்டி தில்லியில் டெங்குக் கொசுவின் விருப்பமான இருப்பிடம். தொட்டியை வெறுமனே கவிழ்த்துவிட்டால் போதாது. கொசுவின் முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். மறுபடி நீர் ஊற்றியதும் பொரிந்துவிடும். ஆகவே, தேங்காய் நாரால் உட்சுவர் முழுவதையும் அழுத்தித் தேய்த்தார். அடுத்த கோடையில் இந்த வீட்டில் இருக்கப்போகிறவர்கள் யாரென்றே அவருக்குத் தெரியாது.

பழைய நாளிதழ்களையும் நோட்டுகளையும் கபாடிவாலா எடைபோட்டு வாங்கிச் சென்றார். குளிர்சாதனப் பெட்டி அணைத்து வைக்கப்பட்டது. வீடு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது, பேசினால் எதிரொலித்தது.

சனிக்கிழமை பிற்பகல் அம்மாவும் அப்பாவும் அட்டைப்பெட்டிகள் வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தார்கள். குளியலறை மட்டும் எஞ்சியிருந்தது. அப்பகுதியில் கிடைக்கும் நீர் கடின நீர். அதில் கரைந்துள்ள சுண்ணச் சேர்மங்கள் நீர் உலர்ந்ததும் குழாயிலும் ஓட்டிலும் வெள்ளைப் படிவமாகத் தங்கிவிடும். அம்மா அதற்கு வினிகரைத் தந்திருந்தார். துணியை வினிகரில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் படிவம் இளகி வந்துவிடும். மலர்விழி அவ்வாறே குழாய்களைப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள்.

கதிருக்கு அந்த அரை மணி நேரம் பொறுக்கவில்லை. குளியலறையின் நிலைப்படியில் பதித்திருந்த வெள்ளைச் சலவைக்கல்லில் அதே படிவம் தடித்திருந்தது. மேல்தட்டில் கழிவறையைக் கழுவும் அமிலக் குப்பி இருந்தது. முக்காலியின்மேல் ஏறி அதை எடுத்துக் கல்லின்மேல் ஊற்றினான். வெண்ணுரை சீறிக்கொண்டு எழுந்தது. அழுக்கு வெளியேறுகிறது என்று அவன் மகிழ்ந்தான்.

நுரையில் கரைந்துகொண்டிருந்தது அழுக்கு மட்டும் அன்று. கடின நீரின் படிவமும் சலவைக்கல்லும் ஒரே பொருளால் ஆனவை. இரண்டும் கால்சியம் கார்பனேட்டு. படிவத்தைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைக்கும். வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும்கூடச் சலவைக்கல்லில் ஊற்றக்கூடாது என்பது இதனால்தான். அதைவிடக் கொடிய தவறு ஒன்றும் உண்டு. அமிலக் குப்பியில் உள்ளதையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். அடைத்த குளியலறையில் அது உயிருக்கே கேடாகும். நல்ல வேளையாக அன்று பிளீச்சிங் பவுடர் தட்டிலேயே இருந்தது.

சீறல் கேட்டு ஓடிவந்த மலர்விழி சன்னலைத் திறந்தாள்; வாளி வாளியாக நீரை ஊற்றினாள். நுரை அடங்கியது. படிவம் போய்விட்டது, அதனுடன் கல்லின் மெருகும் போய்விட்டது. இரண்டு உள்ளங்கை அளவுக்குக் கல் சுண்ணாம்புக் கட்டிபோல் மங்கிச் சொரசொரப்பாகிவிட்டது. கதிர் அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். பிறகு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மிதியடியைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டான். மிதியடி அளவெடுத்து வெட்டியதுபோல் அந்த இடத்தை மூடிக்கொண்டது.

"அப்படியே இருக்கட்டும் அக்கா. நாளைக்குத் தாதி வரும்போது குனிந்தா பார்க்கப்போகிறார்கள்?" என்றான். மலர்விழி ஒன்றும் சொல்லவில்லை. 'கூடாது' என்றும் சொல்லவில்லை.

இரவில் அம்மா மிதியடியை மூட்டை கட்டுவதற்காக எடுத்தார். வீடு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

"கையில் பட்டதா? கண்ணில் தெறித்ததா?" என்பதே அப்பா கேட்ட முதல் கேள்வி. கதிரின் இரு கைகளையும் விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமிலக் குப்பியைக் குழந்தைகளுக்கு எட்டும்படி வைத்தது தம் தவறு என்றார் அம்மா.

பிறகு அம்மாவே தயக்கத்துடன் சொன்னார்: "வடோதராவில் முன்பணம் குறைந்தால் சாவி தரமாட்டார்கள். ஏற்கெனவே வண்ணம் பூச 5,000 ரூபாய் என்கிறார் தாதி. இதையும் பார்த்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வாரோ?"

அப்பா உடனே விடை சொல்லவில்லை. நெடுநேரம் கழித்துக் கோப்பிலிருந்த தாளை எடுத்தார். வலப்பக்கத்தில் அதுவரை இரண்டே வரிகள் இருந்தன: குழந்தைகள் அறைச் சுவரில் மெழுகு வண்ணக் கிறுக்கல், உடைந்த ஒரு மின்பொத்தான். மின்பொத்தானை முதல் வாரத்திலேயே மாற்றிவிட்டதால் அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. அப்பா பேனாவைக் கதிரிடம் கொடுத்தார். கதிர் குனிந்து, 'குளியலறை நிலைப்படி' என்று எழுதினான். 'ற'கரமும் 'ர'கரமும் அவனுக்கு எப்போதும் குழம்பும், அன்று குழம்பவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாதி மெல்லப் படியேறி வந்தார். அப்பா அவரை வேறெங்கும் அழைத்துச் செல்லாமல் நேரே குளியலறைக்கு அழைத்துச் சென்றார். தாதி குனிந்து, கல்லை விரலால் தடவினார்.

"அமிலமா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆம். என் மகன் அறியாமல் ஊற்றிவிட்டான்."

தாதி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு முன் இருந்தவர்கள் சமையல் மேடையில் இதையே செய்தார்கள். அதன்மேல் நாளிதழை விரித்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது" என்றார். நிழற்படத்தில் இருந்த மங்கிய வட்டத்தின் வரலாறு அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. கதிர் மூட்டையில் கட்டியிருந்த மிதியடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தாதி இதனால் உருகிவிட்டார் என்று எண்ண வேண்டா. சுவர்களைப் பற்றிய பேச்சு நீண்டது. வெளிறிய வண்ணத்திற்குத் தாம் பொறுப்பில்லை என்றார் அப்பா. எல்லாக் குடித்தனக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றார் தாதி. அப்பா நிழற்படங்களைக் காட்டினார்; அடைத்த ஆணித் துளைகளைக் காட்டினார். தாதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். இறுதியில், கூடத்துக்கும் பெரிய அறைக்கும் எதுவும் வேண்டா என்று ஒப்புக்கொண்டார். குழந்தைகள் அறையின் கிறுக்கலுக்கு மட்டும் 1,000 ரூபாய் என்றார். அப்பா மறுக்கவில்லை. கல்லுக்கு மெருகேற்றும் கொத்தனாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது 1,200 ரூபாய் ஆகும் என்றார். 36,000 ரூபாயில் 2,200 ரூபாய் போக மீதி 33,800 ரூபாய் என்று கதிரே கணக்கிட்டுச் சொன்னான். குறைந்த தொகையை அம்மா வீட்டுச் செலவில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. கதிருக்கு அந்த ஆண்டு புதிய மிதிவண்டி வாங்குவதாக இருந்த பேச்சு அத்துடன் நின்றது.

தாதி புறப்படும்போது அந்தத் தாளைக் கேட்டார். அடுத்து வருபவர்களிடம் முதல் நாளிலேயே இதுபோல் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளப்போவதாகச் சொன்னார். ஆனால், தாள் தமிழில் இருந்தது. மலர்விழி அதை இந்தியில் எழுதித் தர அமர்ந்தாள். முதல் சொல்லிலேயே எழுதுகோல் நின்றுவிட்டது. 'தேய்மானம்' என்பதற்கு இந்தியில் என்ன எழுதுவது? 'டூட்-ஃபூட்' என்று பேச்சில் சொல்வார்கள். அதில் உடைதலும் சிதைதலும்தான் முன்னே நிற்கின்றன. உடைக்காமலே, வாழ்ந்து வாழ்ந்து தேய்வதை அது சொல்லுமா? நெடுநேரம் எண்ணிப்பார்த்து, ஒரு பக்கம் 'கிஸா ஹுவா' என்றும், மறுபக்கம் 'டூட்டா ஹுவா' என்றும் எழுதினாள். தாதி அதைப் படித்துத் தலையசைத்தார்.

31ஆம் நாள் மாலை. சாமான்கள் லாரியில் ஏறிவிட்டன. மின்மானியின் எண்ணை அப்பா குறித்துக்கொண்டு, அதையும் படமெடுத்தார். எரிவாயு உருளை ஒப்படைக்கப்பட்ட சீட்டும், தண்ணீர்க் கட்டணம் செலுத்திய சீட்டும் கோப்பில் சேர்ந்தன. அம்மா கடைசியாகத் தரையைத் துடைத்தார். உள்ளறையின் மூலையில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, தம் காலடிச் சுவடு எங்கும் படாமல் வாயிலுக்கு வந்து சேர்ந்தார். கோலம் இருந்த வாயிற்படியைத் தாண்டி வெளியே நின்றபோது வாளியில் கையளவு நீரே மிச்சம் இருந்தது.

அப்பா கதவைப் பூட்டி, மூன்று சாவிகளையும் எண்ணித் தாதியின் கையில் வைத்தார். மேலே தரை இன்னும் உலர்ந்திருக்காது.

சொல்லும் பொருளும்

முன்பணம் – வீட்டில் குடியேறும்போது உரிமையாளரிடம் பிணையாகக் கொடுக்கும் தொகை
தேய்மானம் – பயன்பாட்டாலும் காலத்தாலும் இயல்பாக ஏற்படும் குறைவு
பரண் – பொருள்களை வைக்கச் சுவரின் மேற்பகுதியில் அமைக்கும் தட்டு
காரை – சுவரின் மேற்பூச்சு
நிலைப்படி – கதவு நிலையின் கீழ்ப்பகுதி
மெருகு – பளபளப்பு
மின்மானி – செலவான மின்சாரத்தை அளக்கும் கருவி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
முன்பணம், சலவைக்கல், வெந்நீர், கையுறை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வாடகை ஒப்பந்தங்கள் பல இடங்களில் 11 மாதங்களுக்கு எழுதப்படுவது ஏன்?
2. கூலர்த் தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது என்று கூறக் காரணம் என்ன?
3. மஞ்சள் கறை சிவந்தது எதனால்?
4. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஏன் ஒன்றாகக் கலக்கக்கூடாது?

இ. சிந்தித்து எழுதுக.
1. தம்பி மிதியடியைப் போட்டபோது மலர்விழி 'கூடாது' என்று சொல்லாமல் இருந்தது ஏன்?
2. கிறுக்கலுக்கான 1,000 ரூபாயை அப்பா மறுக்காமல் ஏற்றார். வண்ணத்திற்கான 5,000 ரூபாயை ஏற்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. கோலத்தை அழித்த ஒரு மணி நேரம் அம்மா என்ன எண்ணியிருப்பார்? ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
நீங்கள் வாழும் வீட்டில் ஓர் அறையைச் சுற்றிப் பாருங்கள். ஒரு தாளின் நடுவில் கோடிட்டு, 'தேய்ந்தவை', 'நாங்கள் கெடுத்தவை' என்று பட்டியல் எழுதுங்கள். பிறகு, உங்கள் ஊரில் பேசப்படும் மொழியில் அப்பட்டியலை மாற்றி எழுதுங்கள். மாற்ற இயலாமல் தடுமாறிய சொற்களை வகுப்பில் கூறுங்கள்.